மூட் மாறப்போவதை வாட்ச் முன்கூட்டியே சொல்லுமா? பைபோலாரும் இதயத் துடிப்பும்

"போன மாசம் எப்படி இருந்தீங்க?"

பைபோலாருக்கு சிகிச்சை எடுப்பவர்கள் ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். பதில் சொல்வதுதான் கஷ்டம். டிப்ரஷனில் இருப்பவரிடம் கேட்டால், போன மாதம் முழுவதுமே இருட்டாக இருந்ததுபோல அவருக்குத் தோன்றும். மேனியா தலைதூக்கும் நேரத்தில் கேட்டால், "இவ்வளவு நல்லா நான் இருந்ததே இல்ல டாக்டர்" என்று பதில் வரும். இரண்டுமே பொய் இல்லை. இன்றைய மனநிலை நேற்றைய நினைவுக்கும் சாயம் பூசிவிடுகிறது, அவ்வளவுதான்.

சர்க்கரை நோயாளிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஹெச்பிஏ1சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தால், கடந்த 2, 3 மாதங்கள் எப்படிப் போயின என்பதை ரத்தமே சொல்லிவிடும். பைபோலாருக்கு அப்படி ஒரு பரிசோதனை கிடையாது. ஸ்கேனும் கிடையாது. நோயாளி சொல்வது, வீட்டில் இருப்பவர்கள் சொல்வது, டாக்டர் 15 நிமிடத்தில் கவனிப்பது. கையில் இருப்பது இவை மட்டும்தான்.

ஒரு அப்பாயின்ட்மென்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கும் அந்த 30 நாட்களை இதயத் துடிப்பை வைத்துப் படிக்க முடியுமா? சுமார் 15 ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. இப்போது நம்மில் பலருடைய மணிக்கட்டிலும் துடிப்பைப் பார்க்கும் ஒரு வாட்ச் இருப்பதால், இது ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் வந்துவிட்டது.

காலையில் சிரிப்பு, மாலையில் கோபம்: அது பைபோலாரா?

இல்லை. ஆபீஸில் ஒருவர் ஒரே நாளில் நாலு மூடில் இருந்தால் "அவன் பைபோலார்டா" என்று சொல்வது சகஜமாகிவிட்டது. ஆனால் மருத்துவ அளவுகோல் வேறு. மேனியா என்று சொல்ல, வழக்கத்துக்கு மாறான உற்சாகமோ எரிச்சலோ, கூடவே அதீத சுறுசுறுப்பும் குறைந்தது ஒரு வாரம் நீடிக்க வேண்டும். தூக்கம் 3 மணி நேரமாகக் குறைந்தாலும் களைப்பு தெரியாது. பேச்சு ஓடும், செலவு ஓடும், திட்டங்கள் ஓடும். இதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியாவுக்கு 4 நாட்கள். டிப்ரஷன் கட்டத்துக்கு 2 வாரம். நடுநடுவே மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட முற்றிலும் சமநிலையான காலமும் இருக்கும்.

நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது பைபோலார் வருகிறது. அவர்களில் 10இல் 7 பேர் சிகிச்சையில் இல்லை. வாட்ச் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில்

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் விநாடிக்கு ஒன்று என்று நினைப்போம். ஆரோக்கியமான இதயம் அப்படிக் கடிகாரம் மாதிரி அடிப்பதில்லை. முதல் இடைவெளி 950 மில்லி விநாடி, அடுத்தது 1,030, அதற்கடுத்தது 985 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் இதயத் துடிப்பு மாறுபாடு என்று பெயர். சுருக்கமாக ஹெச்.ஆர்.வி.

இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஆழமாக மூச்சை இழுங்கள். துடிப்பு கொஞ்சம் வேகமாகும். மெதுவாக விடுங்கள். கொஞ்சம் நிதானமாகும். இளம் வயதினருக்கு இந்த வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

இதற்குக் காரணம் வேகஸ் என்ற நரம்பு. மூளையின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி இதயம், நுரையீரல், வயிறு வரை போகிறது. இதயத்தைத் தனியாக விட்டால் நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு அந்த நரம்புத் தொடர்பு அறுபட்டிருப்பதால், ஓய்வில் இருக்கும்போதும் துடிப்பு அதிகமாகவே இருக்கும். நம் எல்லோருக்கும் அதை 60, 70க்கு இழுத்துப் பிடிப்பது வேகஸ்தான். பைக் ஓட்டும்போது பிரேக்கை லேசாக அழுத்தியும் விட்டும் போவதுபோல, ஒவ்வொரு துடிப்புக்கும் அது பிடித்துப் பிடித்து விடுகிறது. ஹெச்.ஆர்.வி அதிகமாக இருந்தால் பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். ரொம்பக் குறைந்தால் பிரேக் பிடி தளர்ந்திருக்கிறது.

சரி, மூடுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பயம், கோபம், ஆசை போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகள் இந்த வேகஸ் பிரேக்குடனும் தொடர்பில் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் ஜூலியன் தேயர், ரிச்சர்ட் லேன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்கள். உணர்ச்சியைச் சமாளிக்கும் மூளைச் சுற்றும் இதயத்தை நிதானப்படுத்தும் சுற்றும் பெரிய அளவில் ஒன்றே என்பது அவர்கள் வாதம். அது சரி என்றால், உள்ளே மூட் சரியும்போது வெளியே துடிப்பில் ஒரு தடயம் கிடைக்க வேண்டும்.

பைசா நகரத்து டி-ஷர்ட்

சாய்ந்த கோபுரத்துக்குப் பேர்போன இத்தாலியின் பைசா நகரப் பல்கலைக்கழகம்தான் இதில் முன்னோடி. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் 2010இல் 'சைக்கி' என்ற திட்டம் தொடங்கியது. மார்பில் ஒயர் ஒட்டிக்கொண்டு யாரும் மாதக்கணக்கில் தூங்க மாட்டார்கள் இல்லையா? அதனால் துணியோடு சேர்த்தே நெய்த மின்முனைகள் கொண்ட ஒரு சட்டையை உருவாக்கினார்கள். பைபோலார் நோயாளிகள் அதைப் போட்டுக்கொண்டால் போதும், இசிஜி பதிவாகும்.

இந்தக் குழுவின் முக்கியமான யோசனை, ஒருவரை ஊரோடு ஒப்பிடாமல் அவருடைய பழைய பதிவுகளோடு ஒப்பிடுவது. 2016இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 14 நோயாளிகளின் துடிப்பை மட்டும் வைத்து, அடுத்து அவர் சமநிலையில் இருப்பாரா இல்லையா என்பதைக் கணித்தார்கள். சராசரியாக 69 சதவீதம் சரியாக வந்தது.

இரண்டே விடை உள்ள கேள்விக்குக் காசைச் சுண்டிப் போட்டாலே 50 சதவீதம் சரியாகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். துடிப்பில் தகவல் இருக்கிறது என்று நிரூபிக்க 69 போதும். ஒருவரின் மருந்தை மாற்ற அது போதவே போதாது. 14 பேர் என்பதும் ரொம்பச் சின்ன எண்.

மேனியாவில் ஏறுமா, இறங்குமா?

இந்தத் துறையைப் படிக்கப் படிக்க எனக்கு மண்டை காய்ந்தது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், மேனியாவோடு மருத்துவமனையில் இருந்தவர்களின் ஹெச்.ஆர்.வி ஆரோக்கியமானவர்களைவிடக் குறைவாக இருந்தது. எதிர்பார்த்த முடிவுதான். உடம்பு முழு வேகத்தில் ஓடுகிறது, பிரேக் தளர்ந்திருக்கிறது.

2017இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருந்து வந்த ஆய்வு வேறு மாதிரி. 16 நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே 12 வாரங்கள் தொடர்ந்து பதிவு செய்தார்கள். அதே நபர் டிப்ரஷனில் இருந்தபோது இருந்ததைவிட, மேனியாவில் இருந்தபோது ஹெச்.ஆர்.வி கூடுதலாக இருந்தது.

யார் சொல்வது சரி? இரண்டுமே சரியாக இருக்கலாம். முதல் ஆய்வு நோயாளியை இன்னொரு மனிதரோடு ஒப்பிட்டது. இரண்டாவது, நோயாளியை அவரோடே ஒப்பிட்டது. 'பைபோலார் உள்ளவர்களின் துடிப்பு மற்றவர்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறது' என்பதும், 'என் துடிப்பு என் நல்ல நாளிலிருந்து எப்படி வேறுபடுகிறது' என்பதும் தனித்தனிக் கேள்விகள். அதோடு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றிய மேனியாவும், வீட்டில் இருந்தபடியே சமாளிக்கும் மேனியாவும் உடம்பில் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மருந்து இன்னொரு குழப்பம். குளோசபின், பழைய டிரைசைக்ளிக் வகை டிப்ரஷன் மருந்துகள் போன்றவை வேகஸின் சிக்னலையே ஓரளவு தடுக்கும். அதனாலேயே ஹெச்.ஆர்.வி சரியும். சரிந்தது நோயாலா, மருந்தாலா என்று பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. காய்ச்சல், குடி, தூக்கமில்லாத நைட் ஷிப்ட், வயது, எல்லாமே அதே எண்ணைத்தான் ஆட்டும்.

2017இலேயே அதே கோபன்ஹேகன் குழு பழைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிப் பார்த்தது. மொத்தத்தில் பைபோலார் உள்ளவர்களுக்கு ஹெச்.ஆர்.வி குறைவுதான் என்று முடிவு வந்தது. ஆனால் சாதாரண டிப்ரஷனிலும் குறைகிறது, ஸ்கிசோஃப்ரீனியாவிலும் குறைகிறது, சர்க்கரை நோயிலும் குறைகிறது. ஆகவே எண் குறைவாக இருப்பதைப் பார்த்து "எனக்கு பைபோலாரோ?" என்று பயப்பட வேண்டாம். இந்த எண் யாருக்கும் பைபோலார் என்று கண்டுபிடித்துச் சொல்லாது.

"என் வாட்சிலேயே ஹெச்.ஆர்.வி காட்டுதே?"

காட்டும். ஆனால் அது பைசா சட்டை எடுத்த அதே அளவீடு இல்லை. வாட்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு, தோலுக்குக் கீழே ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துத் துடிப்பை ஊகிக்கிறது. நீங்கள் அசையாமல் தூங்கும்போது அந்த ஊகம் நன்றாகவே இருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது இருக்காது. சாதாரண துடிப்பு எண்ணிக்கைக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. ஹெச்.ஆர்.விக்கு மில்லி விநாடிக் கணக்கு தேவை என்பதால் சின்ன அசைவும் கணக்கைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆப்பிள் வாட்ச் காட்டும் ஹெச்.ஆர்.வியும் ஃபிட்பிட், ஓரா ரிங் காட்டும் ஹெச்.ஆர்.வியும் வேறு வேறு சூத்திரத்தில் கணக்கிடப்படுபவை. எடுக்கும் நேரமும் வேறு. நண்பருக்கு 70, எனக்கு 35 என்று ஒப்பிட்டு மனசைக் குழப்பிக்கொள்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரே கருவியில், உங்களுடைய சில மாதச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அப்புறம், வாட்ச் எண்ணைப் பார்த்து மருந்தை நிறுத்துவதோ கூட்டுவதோ கூடவே கூடாது. பைபோலாரில் இது விளையாட்டு இல்லை. டிப்ரஷன் மருந்தைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும்.

தூக்கம்தான் ஹீரோ

துடிப்பை மட்டும் நம்பியிருந்த ஆய்வுகள் திணறிக்கொண்டிருந்தபோது, அதே வாட்ச் தரும் இன்னொரு தகவல் முந்திக்கொண்டது. தென் கொரியாவில் 168 மனநிலைக் கோளாறு நோயாளிகளின் தூங்கி எழும் நேரத்தை மட்டும் வைத்து ஒரு கணிப்பு முறையை உருவாக்கினார்கள். 2024இல் முடிவு வெளியானது. அடுத்த நாள் ஒருவர் டிப்ரஷனிலோ மேனியாவிலோ இருப்பாரா என்பதை அது நன்றாகவே கணித்தது. டிப்ரஷனைவிட மேனியாவை இன்னும் நன்றாகப் பிடித்தது. உடலின் உள்கடிகாரம் வழக்கத்தைவிடத் தாமதமாகத் தள்ளிப்போனால் டிப்ரஷன் பக்கமும், முன்னால் நகர்ந்தால் மேனியா பக்கமும் சாய்வு தெரிந்தது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள பிரிகாம் மருத்துவமனைக் குழு, 54 பைபோலார் நோயாளிகளிடம் சாதாரண ஃபிட்பிட்டைக் கொடுத்து 9 மாதங்கள் போடச் சொன்னது. துடிப்பு, தூக்கம், நடமாட்டம் மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில், டிப்ரஷன் அறிகுறி இருக்கிறதா என்பதை 80.1 சதவீதமும், மேனியா அறிகுறியை 89.1 சதவீதமும் சரியாகச் சொல்ல முடிந்தது.

என் பார்வையில், துடிப்புக்கு இந்தக் கதையில் துணை நடிகர் பாத்திரம்தான். ஆனால் தேவையில்லாத பாத்திரம் இல்லை. படுக்கையில் அசையாமல் படுத்திருப்பவர் தூங்குகிறாரா, மோட்டுவளையைப் பார்த்தபடி விழித்திருக்கிறாரா என்பதை அசைவை மட்டும் வைத்து வாட்ச் எளிதில் பிரிக்க முடியாது. துடிப்பும் சேர்ந்தால் அது சுலபமாகிறது.

90 சதவீதம் சரி என்றால் நம்பலாமா?

ஒரு கணக்குப் போடுவோம். உங்களுக்கு ஆண்டில் 10 நாட்கள் மட்டும் உண்மையான எச்சரிக்கை தேவைப்படும் நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். வாட்ச் 90 சதவீதம் சரியாக வேலை செய்கிறது. அந்த 10 நாட்களில் 9 நாள் அலாரம் அடிக்கும். சூப்பர்.

மீதி 355 நாட்களிலும் 90 சதவீதம்தானே சரி? 10 சதவீதம் தப்பு என்றால், ஒன்றுமே இல்லாத 35, 36 நாட்களிலும் அலாரம் அடிக்கும். மொத்தம் 45 அலாரம். அதில் 9 மட்டும் நிஜம். 5 முறை அடித்தால் 4 முறை வீண். மூன்றாவது மாதமே நோட்டிஃபிகேஷனை ஆஃப் செய்துவிடுவோம். இங்கே அல்காரிதத்தைக் குறை சொல்ல முடியாது. அபூர்வமாக வரும் எதைத் தேடினாலும் இந்தக் கணக்கு இப்படித்தான் வரும்.

வீண் அலாரத்துக்கு விலை உண்டு. ப்ரமோஷன் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு வாரம் சரியாகத் தூங்காமல் துள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். வாட்ச் 'எச்சரிக்கை' என்கிறது. அம்மா போன் செய்து "மாத்திரை போட்டியாப்பா?" என்று கேட்கிறார். பைபோலாரோடு வாழ்பவர்களுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சந்தோஷமாக இருக்கக்கூட விளக்கம் சொல்ல வேண்டிய நிலை அது.

கண்காணிப்பதாலேயே நல்லது நடந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கோபன்ஹேகனில் 'மோனார்கா' என்ற பெயரில் நடந்த சோதனையில் 78 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் தினமும் மூடைப் பதிவு செய்யும் ஸ்மார்ட்போன் ஆப்பை 6 மாதம் பயன்படுத்தினார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, மொத்தமாகப் பார்த்தால் நோய் அறிகுறிகள் குறையவில்லை. இன்னும் ஆழமாக அலசியபோது, ஆப் பயன்படுத்தியவர்களிடம் டிப்ரஷன் அறிகுறிகள் விடாமல் நீடித்ததற்கான சாயல்கூடத் தெரிந்தது. தினமும் 'இன்று எப்படி இருக்கிறீர்கள்' என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தால், சோகத்தை மறக்க வழி ஏது?

அலாரம் யாருக்கு அடிக்க வேண்டும்?

டிப்ரஷனில் இருப்பவருக்கு வாட்ச் சொல்லி எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவருக்கே தெரியும். மேனியாவில் இருப்பவருக்குத்தான் எச்சரிக்கை தேவை. ஆனால் 'எனக்கு ஒன்றுமில்லை, இப்போதுதான் நான் நானாக இருக்கிறேன்' என்று அவர் நம்பவைக்கப்படுவதே அந்த நோயின் இயல்பு. அவர் வாட்சைக் கழற்றி வைத்துவிடுவார். (வாட்ச் திடீரென்று கழற்றப்பட்டதே ஒரு சிக்னல் என்று சொல்லலாம்தான். சார்ஜ் தீர்ந்தும் இருக்கலாம்.)

அப்படியானால் வேறு யாருக்காவது தெரிய வேண்டும். மனைவிக்கா, அண்ணனுக்கா, டாக்டருக்கா? நடு இரவு 2 மணிக்கு வரும் அலாரத்தைப் பார்க்க நம் ஊரில் எந்த மனநல மருத்துவருக்கு நேரம் இருக்கிறது? வேலை பார்க்கும் நிறுவனம் 'வெல்னஸ் திட்டம்' என்ற பெயரில் தரும் வாட்ச் என்றால், அந்தத் தகவல் கடைசியில் யார் மேஜைக்குப் போகிறது என்று முதலில் கேட்க வேண்டும். மனநல விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிக்குத் தருகிறது. ஆனால் அது சிகிச்சை தருபவர்களைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டது. ஆப்பில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று நீங்கள் தட்டிய பட்டனுக்கு அது எவ்வளவு தூரம் காவல் நிற்கும் என்பது வேறு கேள்வி.

சிகிச்சையே இல்லாத அந்த 10இல் 7 பேருக்கு வாட்சைவிட முதலில் தேவை ஒரு டாக்டர். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், எந்தக் கருவியும் சொல்லும் வரை காத்திருக்காமல் உடனே அழையுங்கள்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருந்து, வாட்சையும் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு அதே 2017 சட்டத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. நலமாக இருக்கும்போதே, பிற்காலத்தில் நோய் முற்றி முடிவெடுக்க முடியாமல் போனால் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக்கூடாது, தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று 18 வயது நிரம்பிய யாரும் எழுதி வைக்கலாம். முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று அதைச் சொல்கிறார்கள்.

வாட்ச் விஷயத்தையும் இப்படியே பேசி வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சட்டப் பத்திரம் எதுவும் வேண்டாம், டாக்டர் முன்னிலையில் ஒரு வெள்ளைத்தாள் போதும். தொடர்ந்து 3 நாள் 4 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் அக்காவுக்கு மெசேஜ் போகலாம். ஒருநாள் மட்டும் என்றால் வேண்டாம். மெசேஜ் வந்தால் அக்கா "மாத்திரை போட்டியா" என்று கேட்கக் கூடாது, "நாளைக்கு டாக்டருக்கு போன் பண்ணலாமா" என்று மட்டும் கேட்க வேண்டும். ஆபீஸுக்கு எதுவும் போகக் கூடாது. எந்தெந்த எண் எதற்கு, எத்தனை நாளைக்கு என்பதை டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்து, 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். தாளின் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியவர், வாட்சைக் கட்டியிருப்பவர்.